வேண்டாம் என்னும் சொல்: பள்ளித் தட்டில் ஒரு நூற்றாண்டு

நற்றிணையின் 110ஆம் பாடல் போதனார் பாடியது. சாப்பிட மறுக்கும் குழந்தையைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று அதில் இருக்கிறது. பொற்கலத்தில் தேன் கலந்த பால். அதை ஒரு கையில் ஏந்தி, மறு கையில் பூச்சுற்றிய சிறுகோலோடு நரைத்த செவிலியர் பின்னால் வருகிறார்கள். காற்சிலம்பு ஒலிக்க அந்தச் சிறுமி பந்தலுக்குள் ஓடி ஒளிகிறாள். துரத்தி ஓய்ந்தவர்கள் செவிலியர்தாம். இது பாடலின் முற்பாதி. பிற்பாதியில் அதே பெண் மணமாகிக் கணவன் வீட்டில் இருக்கிறாள். அந்தக் குடி வறுமையுற்றிருக்கிறது. தந்தை வீட்டுச் செழுஞ்சோற்றை அவள் நினைப்பதுகூட இல்லை. ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்டு காலம் தள்ளுகிறாள். இந்த அறிவையும் பக்குவத்தையும் எங்கே கற்றாளோ என்று தாய் வியக்கிறாள்.

உரையாசிரியர்கள் இப்பாடலில் இல்லறப் பண்பைக் கண்டார்கள். உணவின் வரலாற்றைத் தேடிப் படிப்பவனுக்கு வேறொன்று தென்படுகிறது. உணவு மிகுந்திருக்கும் வீட்டில்தான் குழந்தை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. கலம் காலியாகிவிட்டால் அந்தச் சொல்லும் போய்விடுகிறது. 'இது பிடிக்காது, அது வேண்டாம்' என்று முகம் சுளிக்கும் பிள்ளையைக் குறித்து இன்றைய தாய்மார்கள் படும் கவலை உண்மையானதுதான். ஆனால் மூன்று தலைமுறைக்கு முன் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அந்தக் கவலைக்கே இடமிருந்திருக்காது.

தமிழ்நாட்டில் பள்ளி உணவின் நூறாண்டுக் கதையைப் பலர் பல கோணங்களில் எழுதியிருக்கிறார்கள். பசி தீர்ந்த கதையாக, பள்ளிச் சேர்க்கை உயர்ந்த கதையாக, தேர்தல் அரசியலின் கதையாக. அதையே நாவின் கதையாகவும் படிக்கலாம் என்று தோன்றுகிறது. அதாவது, ஏழைக் குழந்தைக்கும் ஒரு ருசி உண்டு, அதைக் கேட்டுச் சமைக்க வேண்டும் என்பதை அரசும் ஊரும் எவ்வளவு மெதுவாகக் கற்றுக்கொண்டன என்ற கதையாக.

*

இதை ஜோலார்பேட்டையிலிருந்து சொல்லத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். சோலையார்பேட்டை என்றும் எழுதப்படும் இவ்வூர், 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தில், ஏலகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இதைப் பெரிதாக்கியது இரயில். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை மேற்கே நீண்டு இவ்வழியே சென்றது. 1864இல் இங்கிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை பிரிந்தது. அன்று முதல் இது சந்திப்பு. 2019 சூலையில் சென்னையின் தாகத்திற்கு இங்கிருந்து இரயிலில் தண்ணீர் போனபோது நாடு முழுவதும் இதன் பெயர் ஒலித்தது.

இந்த வட்டாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் தொழிலின் ஊர்கள். ஆம்பூரின் பெயரை வெளியூரில் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது சீரகச் சம்பாவில் செய்த பிரியாணி. ஆனால் சுற்றுக் கிராமங்களின் அன்றாட உணவு அதுவன்று. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், கேழ்வரகுக் கூழும், கொள்ளும், வேர்க்கடலையும்தான் இம்மண்ணின் உணவு. சவ்வாது மலையில் சாமை. வாரத்திற்கு ஒருநாள் இறைச்சி, மற்ற நாள்களில் காசின்மை காரணமாகச் சைவம் என்பதே இங்கே பெரும்பாலான உழைப்பாளர் வீடுகளின் நடைமுறையாக இருந்தது. சைவம் என்றதும் மரபும் விரதமும் நினைவுக்கு வருவோருக்கு இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் குழந்தைகளில் மிகப் பலர் கொள்கையால் அன்றி, விலைவாசியால் சைவர்களாக இருந்தார்கள்.

இந்தப் பகுதியின் குழந்தைகளுக்குப் பள்ளியும் எட்டாத தூரத்தில்தான் இருந்தது. வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகளைப் பீடி சுற்ற அனுப்பும் வழக்கம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பரவியிருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 1996ஆம் ஆண்டு அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. அதே 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமற் போயிற்று என்று ஓர் ஆய்வை மேற்கோள் காட்டி அத்தீர்ப்பு கூறுகிறது. பாலாற்றங்கரைக் கிணறும் கீரைப் பாத்தியும் கெட்டுப் போனால் குழந்தையின் தட்டில் என்ன விழும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

*

பள்ளியில் உணவு என்னும் எண்ணம் சென்னையில் தொடங்கியது. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. தலைக்கு ஒருநாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்கக் கல்விக்கான நிதியை இதற்குச் செலவிடக்கூடாது என்று ஆங்கில அரசு தடை சொன்னதால் 1925 ஏப்ரலில் நின்றுபோயிற்று. உணவு வேறு, கல்வி வேறு என்று கணக்குப் புத்தகம் சொன்ன காலம் அது.

அடுத்த பெரிய முயற்சி காமராசருடையது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திற்குக் கல்வித்துறையின் பக்கம் நின்று உழைத்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. முதலில் ஊர்மக்களின் கொடை. அரிசி ஒருவர், பருப்பு ஒருவர், விறகு ஒருவர் என்று தந்தார்கள். பிறகு அரசும் பங்கேற்றது. ஒரு வேளைக்கு ஆகும் பத்துப் பைசாவில் ஆறு பைசா அரசுடையது, நான்கு பைசா உள்ளூராருடையது. இந்தக் கட்டத்தில் குழந்தை என்ன விரும்பும் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. எழுப்பாததில் தவறும் இல்லை. வெறும் வயிற்றோடு வந்தவனுக்குச் சோறு கிடைத்தது. அதுவே பெரும் பேறு.

கேள்வி முதலில் எழுந்தது கோதுமையின் வழியே என்று சொல்லலாம். 1960களில் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவி பள்ளிகளுக்கு வந்தது. அமெரிக்காவில் மிஞ்சிய தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப வகைசெய்த 1954ஆம் ஆண்டின் பொதுச்சட்டம் 480இன் பயன்களுள் ஒன்று இது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, அவித்து உடைத்த கோதுமை, சமையல் எண்ணெய் ஆகியன மூட்டைகளிலும் டப்பாக்களிலும் வந்திறங்கின. அரிசியும் கேழ்வரகும் தவிர வேறறியாத நாவுகளுக்கு முன்னால் கோதுமை உப்புமா வைக்கப்பட்டது. அக்காலத்துப் பிள்ளைகளின் நினைவுகளைக் கேட்டால் இரண்டு வகையும் கிடைக்கின்றன. அந்த உப்புமாவின் வாசனையை அமுதமாக நினைப்பவர்கள் உண்டு. இன்றுவரை கோதுமை ரவையைத் தொடாதவர்களும் உண்டு. உள்ளூர்ச் சமையற்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கடுகு தாளித்து, வெங்காயம் போட்டு, மிளகாய் கிள்ளி அந்த அமெரிக்கத் தானியத்தைத் தமிழாக்கினார்கள். உணவியல் அறிஞர்கள் சத்தைக் கணக்கிட்டார்கள், ஆயாக்கள் தாளிப்பைக் கணக்கிட்டார்கள். குழந்தையின் வாய்வரை உணவைக் கொண்டுசேர்த்தது இரண்டாவது கணக்கு.

*

1982 சூலை முதல் நாள், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கும்பகோணத்தில் கழிந்த தம் இளமைப் பசியை அவர் பலமுறை பேசியிருக்கிறார். ஊரகங்களில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்று தொடங்கியது, அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் 1984இல் பத்தாம் வகுப்பு வரைக்கும் விரிந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, குறிப்பாக ஆதரவற்றோருக்கும் கைம்பெண்களுக்கும், வேலை கிடைத்தது. பொருளியலார் பலர் எதிர்த்தார்கள். இவ்வளவு செலவு தாங்காது என்றார்கள். ஆனால் 2001 நவம்பரில் நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, முன்மாதிரியாகப் பேசப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது.

இவ்வளவு பெரிய திட்டத்தின் தட்டில் இருந்தது என்ன? சோறும் சாம்பாரும். திங்கள் சோறு சாம்பார், செவ்வாய் சோறு சாம்பார். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் எண்ணெய், காய்க்கும் விறகுக்கும் சில காசுகள். 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்ந்தது; பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என வளர்ந்து 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது. செவ்வாய்க்கிழமைகளில் கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு, வெள்ளிக்கிழமைகளில் உருளைக்கிழங்கு என்றும் வந்தது. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம்.

இந்த வாழைப்பழத்தைச் சிறு விஷயம் என்று கடந்துபோக வேண்டாம். பல மாநிலங்களில் பள்ளி முட்டை பெரும் சண்டையாகியிருக்கிறது. 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிகளில் முட்டை தரும் யோசனையை அன்றைய முதலமைச்சரே தள்ளிவிட்டார். உண்ணாத சிலர் இருப்பதால் உண்ணும் பலருக்கும் இல்லை என்பது அங்கே நியாயமாயிற்று. இங்கே, உண்பவருக்கு முட்டை, உண்ணாதவருக்குப் பழம் என்று எளிய ஏற்பாட்டில் முடிந்தது. இரு பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். மறுப்பதற்கான உரிமை முதன்முறையாக அரசாணையில் இடம்பெற்றது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழந்தை 'வேண்டாம்' என்றால் அதற்கு மாற்றாக ஒன்றை வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

முட்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பள்ளிச் சோறு முழுக்கச் சைவம். இதற்குச் செலவும் காரணம், கெட்டுப்போகாமை பற்றிய அச்சமும் காரணம். பல சமயத்தாரும் சாதியாரும் சேர்ந்திருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற இடங்களில் யாருக்கும் தடையில்லாத உணவு என்ற வசதியும் இருந்தது. ஆனால் சைவம் என்பது ஒன்றன்று. கர்நாடகத்தில் ஓர் ஆன்மிகத் தொண்டு நிறுவனம் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் பள்ளி உணவு வழங்கிவந்தது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை, குறைவாகவே உண்கிறார்கள் என்று உணவு உரிமைக்காகப் பேசுவோர் 2018, 2019ஆம் ஆண்டுகளில் குறை கூறினர். நிறுவனம் அதை மறுத்தது. விவாதத்தின் உள்ளே போக இது இடமன்று. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். உழைப்பாளர் வீட்டுச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் நீங்காத பொருள்கள். களிக்குக் கடையும் கீரையில் பூண்டு இல்லையென்றால் அது கீரையே இல்லை. யாருடைய சைவம் தட்டில் விழுகிறது என்பதைக் குழந்தையின் நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது.

*

முப்பதாண்டுச் சாம்பார் சோற்றுக்குப் பிறகு, 2013 மார்ச்சில் ஜெயலலிதா அரசு கலவைச் சாதங்களை அறிமுகப்படுத்தியது. முதலில் மாவட்டத்திற்கு ஓர் ஒன்றியம் என்று முன்னோட்டம், பிறகு மாநிலம் முழுவதும். சமையற்கலைஞர் தாமு பட்டியலுக்கும் பயிற்சிக்கும் துணைநின்றார். காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலைப் புலவு, தக்காளிச் சாதம், கறிவேப்பிலைச் சாதம், மீல் மேக்கரும் காய்களும் சேர்த்த கலவைச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதத்தோடு சுண்டல். முட்டையிலும் மிளகு, தக்காளி, வெங்காயம் என்று மாற்றங்கள். முதல், மூன்றாம் வாரங்களுக்கு ஒரு பட்டியல்; இரண்டாம், நான்காம் வாரங்களுக்கு இன்னொன்று.

ஆம்பூர் வட்டாரத்துப் பெரியவர்களிடம் காய்கறி பிரியாணி என்று சொல்லிப் பார்த்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது சொல்லிலேயே முரண். இறைச்சி வேண்டாதவன் குஸ்கா வாங்கிக்கொண்டு கத்திரிக்காய்த் தொக்கைத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். அந்தக் குஸ்காவும் இறைச்சி வெந்த சாற்றில் வெந்தது என்பது சைவப் பிள்ளைக்குத் தெரிந்தால் வேறு சிக்கல். ரேஷன் அரிசியில் கேரட், பீன்ஸ் போட்டு, பட்டை கிராம்பு தாளித்து ஆயா இறக்கும் சோறு சீரகச் சம்பாவுக்கு நிகராகாது. ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே போதுமாயிருந்தது. ஊரின் பெருமையாகப் பேசப்படும் உணவு, கல்யாண வீட்டில் மட்டும் கிடைப்பது, திங்கட்கிழமை பள்ளியில் தங்கள் தட்டிலும் விழுகிறது என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டையும் அப்படித்தான். கடித்தால் இறைச்சியைப் போன்ற பதம், மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும் குணம். கீரையைத் தொடாத பிள்ளையும் அதை எண்ணி எண்ணித் தின்கிறது.

கலவைச் சாதத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சோறு தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்றால் குழந்தை ஒன்றை எடுத்து ஒன்றை விடும். கலந்துவிட்டால் காயும் பருப்பும் சோற்றோடு போய்விடும். நம் வீடுகளில் பயணத்திற்குக் கட்டுச்சோறு கட்டியவர்கள் இதை என்றோ அறிந்திருந்தார்கள்.

*

2022 செப்டம்பர் 15 அன்று, மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கம் தொடங்கியது. மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும் உள்ளே வந்தன. ஜோலார்பேட்டை ஒன்றியத்துப் பிள்ளைகளின் தட்டுக்கும் காலை உணவு வந்தது. 2024 சூலையில் ஊரக உதவிபெறும் பள்ளிகளும் 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன.

தோல் வட்டாரத்திற்கு இது தனிப் பொருள் உடையது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளில் தைப்போரும் ஒட்டுவோரும் பெரும்பாலும் பெண்கள். விடிந்தும் விடியாததுமாகக் கிராமத்துச் சாலையில் கம்பெனி வண்டி வந்து நிற்கும். அதற்குள் சமைத்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுக் கிளம்புவது பலருக்கு இயலாது. வெறும் தேநீரும் பன்னும் தின்று பள்ளிக்கு வந்த பிள்ளைகள், வகுப்பு தொடங்குமுன் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு உட்கார்கிறார்கள். ஊரகங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அதே பள்ளியில் தம் பிள்ளை படிக்கும் தாய்மார்களையே அமர்த்த வேண்டும் என்பது விதி. நல்ல விதி. தன் பிள்ளையும் உண்ணும் உணவில் யாரும் உப்பைக் குறைப்பதில்லை.

காலை உணவு முட்டையும் இல்லாத முழுச் சைவம். ஒரு குழந்தைக்கு ஐம்பது கிராம் அரிசி அல்லது ரவை அல்லது சேமியா, சாம்பாருக்குப் பதினைந்து கிராம் பருப்பு, காய்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகையாகத் தொடங்கியது. இங்கேதான் நம் கதையின் மிக இனிய திருப்பம் வருகிறது. பிள்ளைகள் பொங்கலைக் காலி செய்தார்கள், உப்புமாவை அளைந்தார்கள். 2025இல் சமூக நலத்துறை அமைச்சர் கீதா ஜீவன், உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கலும் சாம்பாரும் தரப்படும் என்று அறிவித்தார். செய்தித்தாளில் சிறு பத்தியாக வந்த செய்தி. உப்புமா பற்றிய கேலிகளுக்கு அது இன்னொரு வாய்ப்பாகவும் ஆயிற்று. ஆனால் 1920இலிருந்து படித்துவருபவருக்கு அது வேறு விதமாகத் தோன்றும். கோதுமை உப்புமாவை முகம் சுளித்து விழுங்கிய 1960களின் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. அவனுடைய பேரப்பிள்ளை 'வேண்டாம்' என்றபோது ஓர் அரசு பட்டியலை மாற்றியது.

*

உளவியலார் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? புதிய உணவை அஞ்சி ஒதுக்கும் இயல்பு குழந்தைகளிடம் இரண்டு முதல் ஆறு வயதுக்குள் மிகுந்திருக்கிறது. நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தை கண்டதையெல்லாம் வாயில் போடாமல் இருக்க இயற்கை வைத்த காவல் அது என்று விளக்குவோர் உண்டு. ஒரு புது உணவு ஏற்கப்படுவதற்கு எட்டு முதல் பதினைந்து தடவை வரைகூட அதைக் கண்முன் வைக்க வேண்டியிருக்கும். அமெரிக்க ஆய்வாளர் லியான் பர்ச் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு காயை விரும்பி மற்றொன்றை ஒதுக்கும் மழலைப் பள்ளிக் குழந்தையை, எதிர்விருப்பம் கொண்ட குழந்தைகளுக்கு நடுவே சில நாள் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார். சில நாளில் அக்குழந்தையும் ஒதுக்கிய காயை எடுக்கத் தொடங்கிற்று. 1984இல் வந்த இன்னோர் ஆய்வு, 'இதைச் சாப்பிட்டால் அது தருவேன்' என்ற பேரம் அவ்வுணவின் மீதான விருப்பத்தைக் குறைப்பதாகக் காட்டியது.

நம்மவர்கள் இதற்குப் பந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் கத்திரிக்காயைப் பொறுக்கி ஓரம் வைக்கும் பிள்ளை பள்ளி வரிசையில் தின்றுவிடுவதைத் தாய்மார்கள் வியந்து சொல்வதுண்டு. பக்கத்தில் இருப்பவன் தின்கிறான், இரண்டாம் முறை கேட்கிறான். அதைவிடப் பெரிய பரிந்துரை உலகில் இல்லை.

ஆனால் பந்தியே முறிக்கப்பட்ட இடங்களும் உண்டு. 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தனர், வழக்காயிற்று. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், சமைப்பவரின் சாதி காரணமாகப் பிள்ளைகள் காலை உணவு உண்பதில்லை என்ற செய்தி வந்தது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார்கள். இந்தச் செய்திகளில் 'பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான்' என்றுதான் சொல்லப்பட்டது. அது பிள்ளையின் சொல்லன்று. உப்புமாவை வேண்டாம் என்பது நாக்கு. சமைத்த கையை வேண்டாம் என்பது வீட்டிலிருந்து கற்பிக்கப்பட்டது. முன்னதைக் கேட்டு மதிக்க வேண்டும், பின்னதை மதிக்கவே கூடாது. சாப்பிட மறுக்கும் குழந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

*

இந்த நூறாண்டிலிருந்து வீட்டுச் சமையலறைக்கு எடுத்துக்கொள்ளச் சில உண்டு. பட்டியலை முன்கூட்டி முடிவு செய்து பிள்ளைக்குச் சொல்லிவிடுவது அவற்றுள் ஒன்று. இன்று என்ன கிழமை, என்ன சோறு என்று தெரிந்த பிள்ளை பாதி எதிர்ப்பை முன்னமே கரைத்துவிடுகிறது. அறிந்த உணவு ஒன்றோடு அறியாதது ஒன்றை வைப்பது இன்னொன்று. எலுமிச்சைச் சாதத்தின் ஓரத்தில் சுண்டல் வந்தது அப்படித்தான். களியைத் தொடாத பிள்ளைக்கு அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டிக் கொடுக்கலாம். வெல்லமும் வேர்க்கடலையும் இடித்து உருண்டை பிடிக்கலாம். ஏலகிரி, சவ்வாது மலைச் சாமையைப் பொங்கலாக்கினால் பச்சரிசிப் பொங்கலுக்குப் பழகிய நாக்கு அதிகம் சண்டையிடாது. துவரம்பருப்பைக் கடைந்து நெய்விடுவது தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் பொது மொழி.

பேரமும் பயமுறுத்தலும் வேண்டாம். போதனாரின் செவிலியர் கையிலிருந்த கோல் பூச்சுற்றியதாக இருந்தும் பயன்தரவில்லை. சேர்ந்து உட்காருவது எல்லாவற்றினும் முக்கியம். தொழிற்சாலையிலிருந்து களைத்து வரும் தாய்க்கும் இரவுப் பணிக்குப் போகும் தந்தைக்கும் அது எளிதன்று என்பதை அறிவேன். வாரத்தில் இரண்டு இரவாவது ஒரே நேரத்தில் எல்லோரும் தரையில் அமர்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொண்டால், ஆய்வாளர் சோதனை செய்து கண்டது வீட்டிலேயே நடக்கும்.

பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்த்துக் கோபம் வரும்போது, அந்த மிச்சம் எவ்வளவு தாமதமாக நம் ஊர்களுக்கு வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். ஓரணாச் சிற்றுண்டி நின்றுபோனது. ஊரார் தந்த அரிசியில் பொங்கினார்கள். கப்பலில் வந்த கோதுமையைத் தாளித்தார்கள். சாம்பார் சோற்றில் ஒரு தலைமுறை படித்து முடித்தது. இப்போது ஜோலார்பேட்டையின் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆறு வயதுப் பெண் 'எனக்குப் பொங்கல்தான் பிடிக்கும்' என்று சொல்ல முடிகிறது. பொற்கலம் இல்லை. எவர்சில்வர் தட்டுதான். ஆனாலும் நற்றிணைச் சிறுமிக்கு மட்டும் வாய்த்திருந்த அந்தச் சொல் இவளுக்கும் வாய்த்திருக்கிறது. அதை அவள் வளர்ந்த பிறகும் இழக்காமல் பார்த்துக்கொள்வது இனி நம் பொறுப்பு.